கல்லின் பின்பக்கம்

10 செப்டம்பர் 2025, புதன்

ஆபீசில் இன்றும் அவலூர்பேட்டைக்காரரின் வீட்டு பிளான்தான். வாஸ்து பார்த்துச் சமையலறையை மூன்றாவது தடவையாக இடம் மாற்றச் சொல்கிறார். எஞ்சினியர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அழித்து வரைவது நான்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. அரங்கநாதன் அண்ணன் தன் பழைய ரைஸ்மில்லைக் காலி செய்து சிற்பக்கூடமாக்கி நான்கு வருஷம் ஆகிறது. புதுச் சிற்பம் வரும்போதெல்லாம் அதன் முன்னால் வளர்மதி வயலின் வாசிப்பாள், நான் சுவர் நீளத் தாளில் கரியால் வரைவேன். ஒத்திகை கிடையாது. துணி விலகும்வரை இரண்டு பேரும் கல்லைப் பார்க்கக் கூடாது. முதல் பாதி முன்னால் நின்றுதான். மறுபாதியில்தான் பின்பக்கம் சுற்றி வரலாம். எல்லாம் வளர் போட்ட சட்டம்.

இந்தத் தடவை பெங்களூர்க் கலைக்கூடம் ஒன்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிடித்தால் ஒரு மாதம் அங்கே தங்கி வேலை செய்யக் கூப்பிடுவார்களாம். வளருக்கு ஒரே டென்ஷன். "கை நடுங்குதுடி மிஸ்பா" என்று இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை. அவள் வாசித்தால் என் கை தானாகப் போகும்.

14 செப்டம்பர், ஞாயிறு

கை இன்னும் கருப்பாகவே இருக்கிறது. கழுவ மனசில்லை.

ஆள் உயரக் கருங்கல். முன்பக்கம் வெறும் வழவழப்பு. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நான் முழித்துக்கொண்டு நிற்கிறேன். வளர் தடித்த தந்தியில் ஒரு ஸ்வரம் வாசித்து நிறுத்தினாள். அதற்குக் கீழே ஒன்று, நிறுத்தம். அதற்கும் கீழே. இப்படி ஏழு தடவை இறங்கினாள். ஏழாவதில் வில்லை எடுக்காமல் அப்படியே நின்றாள். என் கையும் கூடவே இறங்கி, தாள் முடிந்து, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன்?

பிறகு அண்ணன் எல்லாரையும் பின்பக்கம் அழைத்துப் போனார். கல்லைக் குடைந்து உள்ளே படிகள். இருட்டுக்குள் இறங்குகிற ஏழு படிகள்.

கூட்டம் நிற்காமல் கைதட்டியது. பெங்களூர் அம்மாள் ஒருவர் வளரின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. நான் எல்லார் முன்னாலும் அழுதேன். இப்படி ஒருத்தி எனக்குத் தோழியாகக் கிடைத்தாளே என்று அழுதேன்.

15 செப்டம்பர், திங்கள்

அழைப்பு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். அக்டோபரில்.

அம்மா, "ஒரு மாசமா? ஆபீசுல இன்னா சொல்லுவாங்க?" என்றாள். சொன்னால் சொல்லட்டும்.

17 செப்டம்பர், புதன்

கரிப்பெட்டியை மறந்து வைத்துவிட்டதால் சாயங்காலம் மில்லுக்குப் போனேன். வாட்ச்மேன் வீராசாமிதான் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா பேச்சுக்குக் கேட்டார்: "இன்னாம்மா, அன்னிக்கு செவ்வாக்கெழம நீ வரலியே? பிடிலுக்காரம்மா மட்டும் வந்துச்சு. துணிய அவுத்துட்டு கல்ல சுத்திச் சுத்தி வந்துச்சு. ரெண்டு மணி நேரம் வாசிச்சுது. நல்லா இருந்துச்சும்மா."

எந்தச் செவ்வாய்க்கிழமை என்று கேட்டேன். நிகழ்ச்சிக்கு முந்தின செவ்வாய். நடுங்குதுடி என்று போன் செய்தாளே, அதற்கு முந்தின நாள்.

ஏழு. பார்க்காமல் எவளால் சரியாக ஏழு இறங்க முடியும்? நாள் முழுக்க அளவெடுக்கிற எனக்கு இது உறைக்கவில்லையே. லூசு மாரி அழுதேனே. ஊரே பாக்க அழுதேனே.

18 செப்டம்பர், வியாழன்

அவள் பாட்டு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூட வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பயம்டி. உனக்கு அது தெரியாது. ஒண்ணும் தெரியாம வெறுங்கையோட நின்னா எனக்கு எதுவுமே வராது."

"எத்தன தடவ இப்படி?"

துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். "மொத ரெண்டு தவிர எல்லாமே."

"சட்டம் போட்டதே நீதானடி!"

"அதனாலதான் உங்கிட்ட சொல்ல முடியல."

19 செப்டம்பர், வெள்ளி

இதுவரை ஒன்பது நிகழ்ச்சி. ஒன்பதில் ஏழு.

20 செப்டம்பர், சனி

பீரோ மேலிருந்த பழைய தாள்களை எல்லாம் இறக்கிக் கூடத்தில் விரித்தேன். எனக்கு மிகவும் பிடித்த கோடு ஐந்தாவது நிகழ்ச்சியில் வந்தது. மேலே போய்ச் சட்டென்று திரும்பும். எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! அவள் வீட்டில் முடிவு செய்துகொண்டு வந்த இடத்தில்தான் திரும்பியிருக்கிறது. அங்கேயும் நான் பிளான்தான் வரைந்திருக்கிறேன். வேறு யாரோ சொன்ன இடத்தில் சமையலறை.

பார்த்துவிட்டு வந்ததைக்கூட மன்னித்துவிடுவேன். என்னையும் கூட்டிப் போயிருக்கலாம் அல்லவா? இரண்டு பேரும் சேர்ந்து ஊரை ஏமாற்றியிருப்போம். என்னைக் கொண்டுபோய் ஊரோடு சேர்த்துவிட்டாளே, அதுதான் ஆறவில்லை.

24 செப்டம்பர், புதன்

வளர் வீட்டுக்கே வந்தாள். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். "ஞாயித்துக்கெழம புதுக் கல்லு வருது. சத்தியமா அந்தப் பக்கம் போகல, போகவும் மாட்டேன். ஒரே ஒரு தடவ நெசமா வாசிக்கிறேன். நீ வா" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? போகாவிட்டால் எல்லாமே முடிந்துவிடும் என்று தோன்றியது.

28 செப்டம்பர், ஞாயிறு

உள்ளே நுழையும்போதே வீராசாமியிடம் விசாரித்தேன். யாரும் வரவில்லை என்றார். விசாரித்ததற்காக என் மேலேயே எனக்கு அருவருப்பு.

துணி விலகியது. வளர் வாசித்தாள், இல்லை, வாசிக்கப் பார்த்தாள். வில் கீச்சிட்டது. ஆரம்பித்ததைப் பாதியில் விட்டாள். வேறு ஒன்றைத் தொட்டு, அதையும் விட்டாள். கழுத்தெல்லாம் வியர்வை. முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள், தண்ணீரில் விழுந்தவள் கரையைப் பார்க்கிற மாதிரி. நடுவில் எங்கோ மூன்று நான்கு ஸ்வரம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. இந்த நான்கு வருஷத்தில் நான் கேட்டதிலேயே அதுதான் நிஜம். எனக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரிந்தது.

ஆனால் கை போகவில்லை. கரியைத் தாளில் ஊன்றிக்கொண்டே நின்றேன். இந்தத் தடுமாற்றத்தையும் வீட்டில் பழகிக்கொண்டு வந்திருப்பாளோ? வீராசாமிக்குத் தெரியாமல் வந்திருப்பாளோ? வேறு யாராவது கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால்? வாசிப்பு முடிகிறவரை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாளில் ஒரே ஒரு கருப்புத் திட்டு. அதற்கும் கைதட்டினார்கள்.

30 செப்டம்பர், செவ்வாய்

ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று பெங்களூருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். லீவு கேட்கவே இல்லை. வளரிடம் "நான் வரலடி" என்று மட்டும் சொன்னேன்.

3 அக்டோபர், வெள்ளி

காலையில் வளரை நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டேன். வயலின் பெட்டியை ஜன்னல் வழியாக நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். பஸ் கிளம்பும் நேரத்தில் கையை வெளியே நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் நெசமாதான் வாசிச்சேன். நம்புறியாடி?"

"நம்புறேன்டி" என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

இருபது வருஷத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் பொய்.