ஓட்டில்லாத துக்க வீடு

மார்ச் 3, செவ்வாய். மோதி பாக், டெல்லி.

காலையில் பால் வாங்கப் போனபோது எதிர் பிளாக்கில் ஷாமியானா போட்டு, துக்கத்துக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். செத்தது யாரென்று தெரியாது. தொகுதியில் மட்டும் தெரிந்தா போனேன்? நான் இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆனதே ஒரு துக்க வீடு விடாமல் போனதால்தான். மகளின் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, கரைவேட்டி கட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விட்டேன். மாலை கிடைக்காததுதான் கூச்சமாக இருந்தது.

செத்தவரின் மனைவி போலிருந்த அம்மாளின் கையைப் பிடித்து, "மனசத் தளர விட்றாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்றேன், தமிழிலேயே. அந்த அம்மாள் என் கையை விடவில்லை. இந்தியில் ஏதேதோ சொல்லி அழுதுகொண்டிருந்தார். தொகுதியில் எந்த வீட்டிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. இங்கே ஒரு மணி நேரம் இருந்தேன்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மகள் கோபித்துக்கொண்டாள். "இங்க யாருப்பா உங்களுக்கு ஓட்டுப் போடப் போறா?"

கரைவேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

முன்பெல்லாம் தொகுதியில் யார் செத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். போன தேர்தலில் தோற்றதிலிருந்து அங்கே ஒருத்தரும் சாகவில்லை போலிருக்கிறது.