உம் கொட்டிய கதை

அந்துருண்டை நாற்றம் இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. நேற்று உன் தங்கை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, உன் டிரங்குப் பெட்டியில் இருந்ததென்று ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அக்கா எழுதினதுங்க. உங்ககிட்டதான் இருக்கணும்னு தோணுச்சு" என்றாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆசையாகத்தான் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

என் கதை அதில் இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்து எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே கதை. லால்குடிக்காரி ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரியாதவள். சிலோனுக்குப் போன புருஷன் எட்டிப் பார்க்கவில்லை. தெரு சிரிக்கக் கூடாதென்று மாதாமாதம் ஒரு வெற்றுக் கார்டைத் தன் பேருக்கே தபாலில் போட்டுக்கொள்கிறாள். நீ பாதி வரைதான் எழுதியிருந்தாய். மேலே தேதி போட்டிருந்தாய். நான் எழுதியதற்கு எட்டு மாதம் முந்தைய தேதி.

முதலில் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். அப்படிக் கார்டு போட்டவள் நம் பள்ளிக்கூடத்து ஆயாதானே. விலாசம் எழுதச் சொல்லி என்னிடம் வந்தாள், உன்னிடமும் வந்திருப்பாள். ஒரே ஆளைப் பார்த்து இரண்டு பேர் எழுதக் கூடாதா? ஆனால் என் கதையில், "என்ன எழுதியிருக்காரு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்போது, கார்டை மாராப்புக்குள் செருகிக்கொண்டு "சௌக்கியமாம்" என்று ஒரே வார்த்தை சொல்கிறாளே, அது ஆயா சொன்னதில்லை. உன் நோட்டிலும் அதே வார்த்தை, அதே மாராப்பு. பாவி, நான் இதை எங்கிருந்து எடுத்தேன்?

பஸ்ஸில்தான் இருக்க வேண்டும். மாம்பழச் சாலையில் ஏறினால் மெயின்கார்டு கேட்டில் இறங்கும் வரை நீ கதை சொல்லுவாய். வாயால் சொல்லிப் பார்த்தால்தான் உனக்கு எழுத வரும். நான் மடியில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டே உம் கொட்டுவேன். "கேக்கிறியாடி?" என்பாய். "கேக்கறேன், சொல்லு" என்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கதைகூடக் காதில் ஏறியதாக ஞாபகம் இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. கேட்டேன் என்று தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா?

என் கதை அச்சில் வந்த அன்று பஸ்ஸிலேயே படித்தாய். அதில் அந்த வெற்றுக் கார்டு ஒரு நாள் இரண்டு வரியோடு வந்து சேரும். மனசு கேட்காமல் தபால்காரரே எழுதியது; அவளுக்கோ படிக்கத் தெரியாது. காவிரிப் பாலம் தாண்டும் வரை அந்தக் கடைசிப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாய். அதற்கப்புறம் நீ பஸ்ஸில் கதையே சொல்லவில்லை. அப்பாடா, நிம்மதியாகத் திருத்தலாம் என்றுகூட நினைத்தேன், போ.

இப்போது என் கதைகளைப் புத்தகமாகப் போடக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் முதலில் வர வேண்டுமாம். உன் பேரையும் சேர்த்துப் போடுங்கள் என்று எழுதத்தான் போகிறேன். ஆனால் மற்ற கதைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, இதில் எது என்னுடையது, எது உன்னுடையது என்று புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள நீ இல்லை.

அன்று பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்தபோது நீ சொன்னது ஒன்றே ஒன்று. அதைப் பாராட்டு என்று பத்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன்.

"இந்த முடிவு எனக்குத் தோணவே இல்லையேடி."