வண்டிக்குப் பின்னால் எழுதிய பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் உன் சுகம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும், அதனால் அந்த வரியைக் கடிதத்தின் மரியாதைக்காக மட்டும் எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள். போனில் சொல்லக்கூடாதா, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ “நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, தூங்கப்போறேம்மா” என்று மூன்று பொய்யையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் பெண் லீவு முடிந்து கிளம்புகிறாள், அவள் பையில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். அவள் மேல் கோபப்படாதே. அவளாக எதையும் சொல்ல வரவில்லை, நான்தான் வாயைக் கிளறிப் பிடுங்கினேன்.

முதலில் அப்பா விஷயம். அப்பாவுக்கு என்ன கோவம், ஏன் போனுக்கு வரமாட்டேங்கிறார் என்று போன வாரமும் கேட்டாய், அதற்கு முந்தின வாரமும் கேட்டாய். குளிக்கிறார், லோடு ஏற்றப் போயிருக்கிறார், தொண்டை கட்டியிருக்கிறது என்று நானும் அளந்துவிட்டேன், பொய் சொல்வதில் நீ யாரைக் கொண்டிருக்கிறாய் என்று சந்தேகமே வேண்டாம். அப்போதெல்லாம் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினால் கையை ஆட்டி வேண்டாம் என்பார். கோபமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம்.

உன் அறைத் தோழி நீ கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்த அன்று நான் தையல் மிஷினில் இருந்தேன், அப்பா வாசலில் லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வா கண்ணு, உள்ளே வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், அந்தப் பெண் வண்டிக்குப் பின்னால் போய் நின்றவள் நின்றபடியே இருக்கிறாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மஞ்சள் பெயின்டில், பக்கத்துக்கு ஒரு பூ போட்டு எழுதியிருந்த அந்தப் பெயரைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, என் பொண்ணை அங்க எல்லாரும் இப்படித்தான் கூப்பிடறாங்க, உன்னையும் இப்படித்தானாம்மா என்று கேட்டார். அவள் ஆமாங்கப்பா என்றாள். சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த எழுத்தை அழிச்சிடச் சொல்லுங்கம்மா என்றாள். ஏன், பெயின்டர் எழுத்துப்பிழை விட்டுட்டானா என்று கேட்டேன். நான் கேட்ட கேள்வியைப் பார்.

நீ போன புதிதில் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. காலையில் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கடை வாசலில் நிற்பவர்கள், சைக்கிளில் போகிற பிள்ளைகள் எல்லாம் உன்னைப் பார்த்து ஒரு சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றாய். அர்த்தம் தெரியாமல் வீட்டுக்காரம்மாவைக் கேட்டாய், அந்த மகராசி வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, வெளிநாட்டுப் பெண்களைச் செல்லமாகக் கூப்பிடுவது என்று சொன்னாள். நீயும் நம்பினாய், எங்களையும் நம்பவைத்தாய். நம் காதுக்கு அது ஏதோ ஒரு பூவின் பெயர் மாதிரிதானே இருந்தது. பாப்பா என்பதைத் தவிர உன்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத மனிதர், வாய்க்கு நல்லா இருக்குடி என்று பிடித்துக்கொண்டார். வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது அதையே பின்னால் எழுதச் சொன்னார். உன் அண்ணி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், பெண் பிறந்தால் அதையே வைத்துவிடலாம் என்று அண்ணனிடம் சிபாரிசு வேறு. கடவுள் கண்ணைத் திறந்தார், அந்தக் குழந்தை இன்னும் வயிற்றில் இருக்கிறது.

அர்த்தத்தை உன் தோழி என் காதோடு சொன்னாள். நிறத்தையும் அழுக்கையும் பெண்ணையும் ஒரே உரலில் போட்டு இடித்த சொல். அதை இந்தத் தாளில் எழுதமாட்டேன், என் பேனா அதற்கில்லை. அவள் சொல்லி முடித்தபோது பின்கதவுப் பக்கம் ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது. திரும்பினால் அப்பா ஈரத் துணியோடு நிற்கிறார், எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. துணியைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனார். அன்றைக்குச் சோற்றுத் தட்டை எடுத்துவைத்தேன், அப்படியே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பிளேடும் தின்னரும் வைத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்துவிட்டார். பெயின்டரை வரச்சொல்லலாம் என்றேன், இன்னொருத்தன் இதைப் படிச்சிக்கிட்டு அழிக்க வேண்டாம் என்றார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோயிற்று. மஞ்சள் முழுக்கப் போனபிறகு எட்ட நின்று பார்த்தால், அம்மாடி, அந்தச் சொல் போகவே இல்லை. வண்டியின் பச்சை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, எழுத்துக்கு அடியில் இருந்த பச்சை மட்டும் வெயில் படாமல் புதுசாக இருந்தது, மஞ்சளில் இருந்ததைவிடத் தெளிவாகப் படிக்க முடிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கோணிப்பையைக் கிழித்து அதன்மேல் கட்டிவிட்டு லோடு எடுக்கப் போனார். இத்தனை நாளும் அதை எத்தனை தெரு பார்க்க ஓட்டிக்கொண்டு போயிருப்பார். அந்த அர்த்தம் இங்கே யாருக்கும் தெரியாது என்று நான் தேற்றினேன். தெரிஞ்சுக்கிட்டவ ஒருத்தி அங்க இருக்காளே, அவளுக்கே நான் போட்டோ எடுத்து அனுப்பினேனே என்றார்.

அதுதான் எனக்கும் ஆறவில்லை. அந்த போட்டோவை நீ படிப்போடு வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய், பாருங்கள், உங்கள் ஊர்ச் செல்லப்பெயரை என் அப்பா வண்டியில் எழுதியிருக்கிறார் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டியிருக்கிறாய். அங்கேதான் உனக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருத்தி குனிந்துகொண்டாளாம், ஒருவன் அடக்கமாட்டாமல் சிரித்தானாம், பெரிய மருந்தாளர் உன்னைத் தனியாகக் கூட்டிப்போய் சொன்னாராம். அறைக்கு வந்து நீ படுக்கையில் சுருண்டு கிடந்தாய் என்று உன் தோழி சொன்னாள். அப்புறம் எழுந்து போனை எடுத்து, ரொம்ப நல்லா இருக்குப்பா என்று அப்பாவுக்குப் பதில் போட்டிருக்கிறாய். அந்தப் பதிலை அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் உன்னை அப்படித்தானே கூப்பிட்டார். தெருவில் கேட்டது போதாதென்று பெற்ற அப்பன் வாயாலும் கேட்டாய். கேட்டுவிட்டு என்னப்பா என்றாய். ஒருமுறை கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை, அப்புறம்தான் என்னப்பா என்றாய், லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நான் இந்தப் பக்கம் சொன்னேன். லைனுக்கு ஒரு கேடும் இல்லை என்று இப்போதுதானே புரிகிறது. அப்பா மனம் நோகக்கூடாது என்று நீ செய்தாய், எனக்குத் தெரியும். ஆனாலும் உன்னை நாலு அறை விட்டு அப்புறம் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருக்கிறது, எட்டாத தூரத்தில் இருக்கிறாய், தப்பித்தாய்.

மீதியையும் கேட்டுவிட்டேன். பஸ்ஸில் உன் பக்கத்து இடம் காலியாகவே வருமாம், ஆனால் பின்சீட்டிலிருந்து பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்களாம். கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுப்பார்களாம். கல்லும் விழுந்திருக்கிறது, காதுக்குப் பின்னால். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள், உனக்கு இரண்டும் பட்டிருக்கிறது, நான் இங்கே பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கல் விழுவதற்கு முன்னால் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதற்கு, அடித்தார்களா, பொருளைப் பறித்தார்களா, கூப்பிட்டதெல்லாம் ஒரு கேஸா என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். குளிருக்கு வேண்டும், தலையோடு மூடுகிற மாதிரி தைத்துக்கொடு என்று கோட்டு கேட்டாயே, நெற்றிப் பக்கம் இன்னும் இறக்கமாக வேண்டும், இன்னும் இறக்கமாக வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாய். அங்கே அப்படி என்ன குளிர் என்று நினைத்துக்கொண்டே தைத்தேன். வெயில் காலத்திலும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறாயாம். உன் முகத்தை மூடுவதற்கு என் கையாலேயே தைத்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் எகிறிக் குதித்தான், அவங்க படம் எடுத்தா இவளும் எடுத்து ஊர் முழுக்கப் போடட்டும் என்றான். அப்பாவின் தம்பி இருக்கிறாரே, நம் வீட்டு நீதிபதி, அவர் பெரிய தீர்ப்பு ஒன்று சொன்னார், அந்நிய ஊர்ல நாமதான் அனுசரிச்சுப் போகணும், பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க, உடம்புலயா ஒட்டிக்குது என்று. கல் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னேன். ஏழாம் மாத வயிற்றோடு நின்றுகொண்டு உன் அண்ணிதான் ஒரு வார்த்தை கேட்டாள், அவளை யாராவது என்ன வேணும்னு கேட்டீங்களா என்று. யாரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்?

திரும்பி வர வேண்டுமென்றால் வா. படிப்பு பாதியில் நிற்கிறதே, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே, அந்த நாலு பேர் யார் என்று நானும் இந்த வயதுவரை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே உன் அறையில் தையல் மிஷினைப் போட்டிருக்கிறேன், ஒரு இழுப்பில் வெளியே இழுத்துவிடலாம். இருந்து முடிக்க வேண்டுமென்றால் இரு. ஆனால் இருப்பது என்றால் இப்படி இல்லை. வீட்டை மாற்று, அந்தச் சிரித்த மகராசி வீட்டில் இனி ஒரு நாளும் வேண்டாம், உன் தோழியிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேருமாக மருந்துக்கடைக்குப் பக்கத்திலேயே பாருங்கள். ஷிப்டை அவளோடு ஒன்றாகப் போட்டுக்கொள். வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று உன்னைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்துப் பின்னால் பெட்டி பிரிக்கப் போட்டிருக்கிறார்களாமே, அதை விடாதே. நான் என்ன தப்பு செய்தேன் என்று அந்தப் பெரிய மருந்தாளரிடம் நேராகக் கேள், அன்றைக்குத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்ன மனிதருக்குக் காது இருக்கும். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்க வருகிற ஒரு பெரியம்மா, நீ இல்லையென்றால் உட்கார்ந்திருந்து உன்னிடமே வாங்கிப்போவாராமே. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த நல்லது அந்த ஒருத்திதான், அவரைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

விமானம் ஏறும்போது யார் என்ன சொன்னாலும் சிரிச்சிட்டுப் போயிடு என்று சொல்லி அனுப்பினேன், அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சிரிக்காதே. பதிலுக்குத் திட்டவும் வேண்டாம், தனியாக இருக்கிறாய். அந்தச் சொல் காதில் விழுந்தால் அது வேறு யாருடைய பெயரோ, நீ திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அதை நம்பித் திரும்பிப் பார்த்தவர்கள் நாங்களும்தான், குடும்பத்தோடு. கையை நீட்டித் தொட வந்தால் மட்டும் நம் பாஷையிலேயே கத்து, தொண்டை கிழியக் கத்து. என் வயிற்றில் பிறந்தவளுக்குக் கத்தச் சொல்லித்தர வேண்டியதில்லை, சின்ன வயதில் ஊசி போடும்போது தெருவே கூடியது.

மற்றபடி அண்ணிக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. அண்ணன் புதுக்கடை பார்த்திருக்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வண்டியின் பின்பக்கம் முழுக்கப் புதுசாகப் பச்சை அடித்தாயிற்று. பெயின்டர் வந்து இப்ப என்னங்க எழுதறது என்று கேட்டான், அப்பா ஒன்றும் எழுத வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

உன் சொந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிடுங்களேன் என்று சொன்னேன். அதை அவர் உனக்கு வைத்த நாளில் உன் காதில் சொன்னதோடு சரி. பாப்பா என்பதும் இப்போது வாயில் வரவில்லையாம், அதை நானே விட்டுட்டு இதைப் பிடிச்சேனே என்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். நேற்று வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பார்த்ததைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பொய் சொல்லாமல் சாப்பிடு. ஒரு துரும்பும் உன்மேல் படாமல் கடவுள் காக்கட்டும், நூறு வயது தலைநிமிர்ந்து இரு. மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாவிடம் கொடுப்பேன். கொஞ்ச நேரம் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே கண்ணு. அவர் இருப்பார்.

உன்னைத் தூரமாக அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா