இருபதாவது மில்லியில் நிற்காத நிறம்

5 பிப்ரவரி 1994, சனி

பிளஸ் டூ பிராக்டிகல் நெருங்கிவிட்டது. என் மாடி அறை டியூஷனில் யூனிட் போட்டு விடை எழுதுகிறவள் ஒருத்திதான், பங்காரம்மா மகள் வரலட்சுமி. மற்றதெல்லாம் தண்டம். "அஞ்சுன்னா என்னடா? அஞ்சு கிராமா, அஞ்சு எருமையா?" என்று கேட்டால் பல்லைக் காட்டுகிறார்கள்.

நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறை லேபில், துருக்கறை எடுக்க ஆக்சாலிக் அமிலம் வைத்திருப்போம். அதில் ஒரு நார்மல் செறிவில் ஒரு லிட்டர் கரைசல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நாளை வகுப்புக்கு.

6 பிப்ரவரி, ஞாயிறு

ஒரு நார்மலைப் பத்தில் ஒரு நார்மலாக நீர்க்க வைக்கச் சொன்னேன். ஐம்பது மில்லி அமிலம் எடுத்து, தண்ணீர் சேர்த்து ஐந்நூறாக்க வேண்டும். அவ்வளவுதான். வரலட்சுமி கணக்குப் போட்டு நீட்டினாள். "சரிங்களா சார்?" ஸ்டவ் எரியாமல் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. "சரி, சரி, ஊத்து" என்றேன். பார்க்கவில்லை.

பிறகு பிப்பெட், இருபது மில்லி அளக்கும் கண்ணாடிக்குழாய். வாயால்தான் உறிஞ்ச வேண்டும், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். உறிஞ்சும்போதே நுனி கரைசலுக்கு மேலே வந்துவிட்டது. காற்றோடு வாய்க்குள் பாய்ந்து பாதி தொண்டையில் இறங்கிவிட்டது. "புளிக்குதுங்க சார்" என்று இருமிக்கொண்டே சிரித்தாள். தங்கை யாஸ்மினிடம் பால் வாங்கிக் குடிக்க வைத்தேன். பாலில் இருக்கும் கால்சியம் அந்த அமிலத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வகுப்பைக் கலைத்துவிட்டேன்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க சார், டியூஷனை நிறுத்திப்போடுவாங்க."

சொல்லவில்லை.

பத்து மில்லி. பத்தில் ஒரு நார்மல். சமான எடை 63. ஆக 0.063 கிராம். ஒன்றும் ஆகாது.

7 பிப்ரவரி, திங்கள்

ஒன்றும் ஆகாதென்றால் ஏன் தூக்கம் வரவில்லை?

அவள் கணக்கை நான் பார்க்கவே இல்லையே. மாற்றி ஊற்றியிருந்தால்? ஐந்நூறு அமிலம், ஐம்பது தண்ணீர்? மீதி அமிலத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். யாஸ்மின் அந்தப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

*மாலை* — லேபிலிருந்து பத்தில் ஒரு நார்மல் பெர்மாங்கனேட் எடுத்துக்கொண்டு சீக்கிரமே வந்தேன். வரலட்சுமி கலந்த கரைசல் மேஜையில் அப்படியே இருந்தது. பிப்பெட்டை வாயில் வைக்க என்னால் முடியவில்லை. அளவு ஜாடியில் இருபது மில்லி எடுத்தேன். கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கி, பியூரெட்டைத் திறந்தேன். சரியான கரைசலென்றால் இருபதாவது மில்லியில் இளஞ்சிவப்பு நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

முப்பது. மறைந்தது. நாற்பது. மறைந்தது. பியூரெட் காலி, குடுவையில் நிறமே இல்லை.

மாற்றித்தான் ஊற்றியிருக்கிறாள். ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அரை கிராமுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் சரக்கு அது. அடப்பாவி, என்ன பண்ணிப்போட்டேன் நான்! ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்திருக்கேனே. ஒல்லிப் புள்ள —

செல்வபுரத்தில் அவள் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். வரலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பஜ்ஜி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். பங்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்க மீரான் தம்பி, இதை நேத்தே வந்து சொல்றதுக்குக் காலு வரலீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "எவ்வளவு போச்சு?"

"அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலங்க. நேத்து சாயங்காலம்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"இப்பத்தானுங்க தெரிஞ்சுது."

8 பிப்ரவரி, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. ட்ரிப்ஸ் ஏறுகிறது. சிறுநீரை அளந்து அளந்து எழுதுகிறார்கள். காலையில் குறைவு. நர்ஸ் ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். பங்காரம்மா பெஞ்சின் அந்தக் கோடியில். ஒரு பேச்சில்லை. திட்டினாலாவது தேவலை.

யா அல்லா, அந்தப் பிள்ளையை விட்டுவிடு.

10 பிப்ரவரி, வியாழன்

சிறுநீர் அளவு ஏறிவிட்டது. ரத்தப் பரிசோதனையும் மோசமில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். அதுவரை யாரும் எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள்.

11 பிப்ரவரி

டியூஷன் நிறுத்தம். மற்ற பிள்ளைகளிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

17 பிப்ரவரி, வியாழன்

இன்று அவளுக்குப் பிராக்டிகல். போகக் கூடாதென்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். பங்காரம்மாவும் அங்கே இருந்தார். வரலட்சுமி வெளியே வந்தாள்.

"பிப்பெட்டை வாயில வெக்க மாட்டேன்னுட்டேனுங்க சார். ரெண்டு பியூரெட் வாங்கி, அமிலத்தையும் அதுலயே அளந்தேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மொறைச்சாருங்க."

"மார்க் போச்சா?"

"போனாப் போகுதுங்க."

அம்மா கொண்டுவந்திருந்த முறுக்கை வாங்கிக் கடித்தாள். மென்றாள், விழுங்கினாள். அடுத்ததையும் விழுங்கினாள். வலி ஏதாவது தெரிகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ள திங்கறதைக் கண்ணு வெக்காதீங்க!" என்றார் பங்காரம்மா. பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன். "திங்கக்கெழமை ரத்தம் குடுக்கப் போறோமுங்க. நீங்களும் வந்துருங்க. டாக்டர் இங்கிலீசுல சொல்றது எனக்குப் புரிய மாட்டேங்குது."

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன்.