அவர்கள் உங்களுக்கு வைத்த பெயர்

இஞ்சாருங்கோ, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இன்று தொலைக்காட்சியில் அவனைக் காட்டினார்கள். உங்கள் கார்ப் பந்தயக்காரனைத்தான். தலை நரைத்துப்போச்சு. அவன் ஓட்டத்தை விட்டு இத்தனை காலமாகியும், சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் அவனைக் கண்டதும் கைதட்டினார். நான் சூப் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அவன் பாவம், அவன் என்ன செய்வான்? சின்ன ஊரில் இருந்து வந்து திரும்பத் திரும்ப வென்றான். ஞாயிறு மதியம் அவன் ஓடினால் ஜேர்மனியில் எங்கள் ஹம் நகரத் தெருவில் ஈ காக்கை இராது. எங்கள் வீட்டிலோ, முடிவு தெரியாமல் சோறு போட விடமாட்டீர்கள். "கொஞ்சம் பொறுமப்பா, கடைசிச் சுத்து" என்பீர்கள். இறைச்சிக் கறி ஆறிப்போகும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

களஞ்சியத்தில் சாமான் தூக்கும் ஸ்டாப்லர் வண்டியை நீங்கள் வளைத்தெடுக்கும் வேகத்தைப் பார்த்து, கூட வேலை செய்தவர்கள் அவன் பெயரையே உங்களுக்கு வைத்தார்கள். உங்கள் சொந்தப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை.

"உங்களுக்கு வெக்கமா இல்லையே? அம்மா அப்பா வைச்ச பேர் இருக்கெல்லே?" என்று ஏசினேன்.

"விடும். முந்தி எங்களைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பினவங்கள். இப்ப ஏதோ ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள்தானே" என்று சிரித்தீர்கள். அவன் வென்ற மறுநாள் உங்கள் முதுகில்தான் தட்டுவார்களாம். அந்தப் பெருமை உங்களுக்குப் பிடித்திருந்தது. அவன் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் உங்களை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். அலுவலகம் பூட்டு. கைபேசியும் பணப்பையும் பூட்டிய அலுமாரிக்குள். அம்புலன்ஸ்காரர் பெயர் கேட்க, வருடக்கணக்காய் உங்களோடு இருந்து சாப்பிட்டவர்கள் அவன் பெயரைச் சொன்னார்கள். வேறொன்றும் அவர்களுக்குத் தெரியாது. நேரமாகியும் உங்களைக் காணாமல் நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன். அப்படி ஒருவரும் இல்லை என்றாள் மறுமுனையில் இருந்த பெண். அப்பாடா என்று இருந்தது. போய்ப் புட்டு அவித்தேன்.

அலுவலகக்காரரைத் தேடிப்பிடித்து விலாசம் வாங்கி அவர்களில் ஒருவன் எங்கள் வாசலுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "கொஞ்ச நேரம் நினைவு இருந்தது. பேச்சு வரவில்லை. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்" என்றாள் ஆஸ்பத்திரித் தாதி.

செத்தவீட்டுக்கு அவர்கள் எல்லாரும் வந்தார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் விம்மி அழுதார்கள். உங்களில் உண்மையாய்ப் பட்சம் வைத்திருந்தார்கள். கெட்டவர்கள் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டி ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இப்போது இல்லத்தில் யாருக்காவது கடைசி நேரம் என்றால் நான்தான் பக்கத்தில் இருப்பேன். கையைப் பிடித்து, அவர்களின் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுவேன். சிலர் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் எனக்குத் தடக்காமல் வருகின்றன. கல்யாணம் முடித்த நாளில் இருந்து நானும் உங்களை இஞ்சாருங்கோ என்றுதானே கூப்பிட்டேன். செத்தவீட்டில் உங்கள் பெட்டியை மூடமுதல் ஒருக்கால் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று குனிந்தேன். வாய் வரவில்லை.