குண்டான் நிற்கிற அடுப்பு

மலாக்கா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் உன் அலுமினியக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை தடவை தேய்த்தும் அதிலிருந்து சாடின் மீன் வாடை போகவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். போதுமா உனக்கு? போன பிறகும் என் மானத்தை வாங்குகிறாய்.

சனிக்கிழமை லேடாங் மலைக்குப் போவதாக இருக்கிறேன். நீ இல்லாமல் முதல் தடவை. போக முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. முழங்காலைப் பார்த்த டாக்டர் முதுகுச் சுமையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். குறைப்பதென்றால் முதலில் அந்த அடுப்பைத்தான் குறைக்க வேண்டும். வீட்டில் மேசை நடுவே ஸ்டீம்போட் சூப் கொதிக்க வைக்கிற தட்டையான கேஸ் அடுப்பு, பிளாஸ்டிக் பெட்டியோடு! அதை யாராவது மலைக்குத் தூக்குவார்களா? நாம் தூக்கினோம். நாம் என்ன நாம், நான்தான் தூக்கினேன். நீ குண்டானையும் வெங்காயத்தையும் சாடின் டின்களையும் சுமந்தபடி, என்னவோ என்னை விட உனக்குத்தான் கனம் என்பது போல முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவாய்.

புக்கிட் ரம்பாய் பேக்டரி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருந்த காலத்திலேயே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. போனில் உனக்கு ஒரு படம் காட்டினேன். உள்ளங்கையில் அடங்குகிற அடுப்பு, கேஸ் டப்பாவின் தலையில் திருகி வைப்பது. நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாய்.

"இது அடுப்பாடி? ஊதுபத்தி செருகுற ஸ்டாண்டு மாதிரி இருக்கு. என் குண்டான வச்சா கவுந்துரும்லா."

"சின்ன சட்டி வாங்கிக்கலாம்."

"சின்ன சட்டில நாம ரெண்டு பேரும் தின்னுருவோம். வந்து நிக்கிறவனுக்கு என்னத்தக் குடுக்கிறது?"

"வந்து நிக்கிறவனுக்கு நீ ஏன்டி குடுக்கணும்? மலையில கடையா போட்டிருக்க?"

கடைதான் போட்டாய். அந்த மழை நாள் ஞாபகம் இருக்கிறதா? ஜொகூரிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள் தொப்பலாக நனைந்து நம் கூடாரத்துப் பக்கம் ஒதுங்கினார்கள். "தம்பி, பசியாறிட்டுப் போங்கலா" என்று இழுத்து உட்கார வைத்தாய். பின்னால் வந்த சீனத்துப் பெரியவரையும் விடவில்லை. "மாக்கான், அங்கிள், மாக்கான்!" என்று மலாயில் கரண்டியை ஆட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாய். அவர் பயந்துபோய்ச் சாப்பிட்டார். எனக்குக் குண்டானின் அடியில் ஒட்டியதுதான் கிடைத்தது. அதைச் சுரண்டிக்கொண்டே உன்னைத் திட்டினேன். நீ சிரித்தாய். உன்னோடு இதுதான் பெரிய தொல்லை, திட்டினால் சிரிப்பாய்.

டவுனில் மலையேறுகிற சாமான் விற்கிற கடைக்கு வந்து அந்த அடுப்பைப் பார்த்துவிட்டாவது பேசு என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! "உள்ள போனா வாங்க வச்சிருவான், நீ சும்மா இரு" என்று வாசலோடு திரும்பிவிடுவாய். அடுத்த தடவை பார்க்கலாம் என்றாய். அதற்குள் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. தஞ்சோங் கிளிங் வீட்டில் காரியம் முடிந்ததும் உன் மகள் குண்டானைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஆன்ட்டி, இத நீங்களே வச்சுக்குங்க. அம்மா பேசினா இதப் பத்தியும் உங்களப் பத்தியும்தான் பேசுவாங்க." அப்போதும் எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் சீனன், மரியாதையானவன். "எத்தனை ஆளுக்கு ஆன்ட்டி? ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்று மலாயில் கேட்டான். அங்கே அடுப்புகளை எல்லாம் ஆள் கணக்கில்தான் அடுக்கியிருக்கிறார்கள். குண்டானை எடுத்து மேசை மேல் வைத்து, "இதுக்கு" என்றேன்.

நான் ஆசைப்பட்ட அந்தக் குட்டி அடுப்பின் மேல் அதை வைத்துக் காட்டினான். சாய்ந்தது. அவன் பிடித்திருக்காவிட்டால் கவிழ்ந்திருக்கும். நீ சொன்னபடியே! அவனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் உன்னை வாய்விட்டுத் திட்டினேன்.

பிறகு அவன் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தான். மூன்று கால்கள் அகலமாக விரிகின்றன, தரையோடு தாழ்ந்து நிற்கிறது. கேஸ் டப்பா தனியாக, நடுவில் ஒரு குழாய். கையில் வாங்கினால் ஒரு கொய்யாப்பழக் கனம்தான். குண்டான் அதில் வீட்டு அடுப்பில் உட்கார்வது போல உட்கார்ந்தது. புதுசா என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, இது ரொம்ப வருசமா வருது" என்றான்.

கேட்டாயா? ரொம்ப வருசமாக! நான் கேட்ட லேசும் அதில் இருக்கிறது, நீ கேட்ட அகலமும் இருக்கிறது. நாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலமெல்லாம் அது அந்தக் கீழ்த் தட்டில் கிடந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் நீ வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கக் கூடாதா? ஆத்திரத்தில் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாவம், அந்தப் பையன் விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றான்.

நேற்று பையைக் கட்டினேன். புது அடுப்பை வைத்துத் தூக்கிப் பார்த்தேன், முதுகில் ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. சின்ன சட்டி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உன் குண்டானை வைத்தேன். காலியாக ஏன் போக வேண்டும் என்று அதற்குள் வெங்காயத்தைப் போட்டேன், சாடின் டின்களைப் போட்டேன். மழை வந்தால் யாராவது வந்து நிற்பார்களே என்று அரிசியைக் கொஞ்சம் கூட்டினேன். பிறகு தூக்கினால், சனியன், அந்தப் பழைய அடுப்பைத் தூக்கிய அதே கனம். டாக்டர் கேட்டால் உன் பெயரைத்தான் சொல்வேன். வெங்காயத்தையாவது குறைக்கலாம் என்று மறுபடி பையைத் திறந்தேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. இன்னும் ரெண்டு போட்டு இறுக்கிக் கட்டினேன்.