உடைந்ததை மட்டும் எண்ணுகிற பிழைப்பு

சாந்தோம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் ஜெசிகாவுக்கு அம்மா மர்சலின் எழுதுவது. மாதா தயவில் நானும் என் முழங்கால் வலியும் சேர்ந்து சுகம். நீ போனை எடுப்பதில்லை. அதனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிய கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

நீ ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, லேசான அணுக்களின் கருவைக் காமாக் கதிரால் உடைத்து அளக்கிறேன் என்றாய். என் காதில் விழுந்தது கரு மட்டும்தான். நம் கோயில் உபதேசியார் பவுல்சாமியிடம் போய், என் பெண் கருவை உடைக்கிற வேலையில் இருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். மனுஷன் சிலுவை போட்டுக்கொண்டு, "இன்னா மர்சலின், வேதக்காரப் பொண்ணு செய்யிற வேலையா இது?" என்றார். அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு அடையாறு வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் பொறுமையாக விளக்கினாய். கோடி கோடியாகக் கதிர் போகும், அநேகமாக எல்லாம் தொடாமலே போய்விடும், எப்போதோ ஒன்று பட்டுக் கரு உடையும், சிதறி வருவதை எண்ணுவோம் என்றாய். என்னடி இது, உடைந்ததை மட்டும் எண்ணுகிற பிழைப்பு என்று கேலி செய்தேன். அந்த வாயை இப்போது அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மாப்பிள்ளை கிளிஃபர்ட் சொன்னார். மூன்றாவதும் நிற்கவில்லையாம். இனி வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம்.

பெருங்குடியிலிருந்து உன் மாமியார் வந்தார். "கருவ ஒடச்சி ஒடச்சித்தான் அவ வயித்துல இருந்ததும் ஒடஞ்சி போச்சு" என்றார். உபதேசியார் செய்த அதே தப்புதான். இந்தத் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுவர் அத்தனை கனம், கதிர் ஓடும்போது உள்ளே யாரும் நிற்பதே இல்லை, மேலே பட்ட கதிரை அளக்கச் சட்டையில் மாட்டும் அட்டையில் ஒன்றும் பதியவில்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் போகட்டும். நீயும் அந்த அட்டையின் கணக்கு எழுதி வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்க்கிறாயாமே? அதில் பூஜ்யம்தானே இருக்கிறது, கண்ணு. அத்தனை படித்தவள், மாமியார் பேச்சையா நம்புவாய்?

இன்று மூன்று மெழுகுவத்தி ஏற்றினேன். யாருக்கு நினைவுநாள் என்று கேட்டாள் விற்கிறவள். வீட்டில் கரண்ட் போச்சுடி என்றேன்.

ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சாயங்காலம் போனை எடு. பேச வேண்டாம். நான் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். நீ மூச்சு விடுவது கேட்டால் போதும்.

உன் பிறந்தநாள் அட்டைகளில் எல்லாம் கடைசியில் ஓர் ஆசீர்வாதம் எழுதுவேனே, பிள்ளை குட்டியோடு என்று தொடங்குவது, அதை இதில் எழுதவில்லை. நீ இரு, மகளே. நீ இரு.

உன் அம்மா,
மர்சலின்